புல் விதைக்கு முன்னே மண்ணைப் பாருங்கள்

வீட்டின் பின்புறத்திலே ஒரு சிறு புற்றரை வேண்டும் என்ற ஆசை புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் பலரிடத்தும் உண்டு. பிள்ளைகள் ஓடி விளையாடவும், முதியோர் கோடை மாலைகளில் கதிரை போட்டு அமரவும், துவைத்த துணிகளைக் காயப்போடவும் ஓர் இடம் வேண்டும் என்பதே அவ்வாசை. அதற்கெனச் சனிக்கிழமையொன்றில் கடைக்குச் சென்று, விதைப் பொதியொன்றையோ சுருட்டி விற்கப்படும் புற்பாளங்களையோ வாங்கி வந்து, இருக்கின்ற மண்ணின் மேலே தூவியோ விரித்தோ விட்டு, வேலை முடிந்ததென்று இருந்துவிடுகின்றோம். நாமும் அவ்வாறே செய்தோம். ஒரே கோடையில் தோற்றோம். அத்தோல்வியின் பின்னர் ஓராண்டு காலம் மண்ணோடு பட்ட பாட்டில் அறிந்தவற்றை, இலண்டனிலும் அதையொத்த காலநிலையுள்ள ஏனைய நகரங்களிலும் வாழும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரே நாளில் ஒரு புற்றரை

நாம் வசிப்பது வடமேற்கு இலண்டனில், வாடகை வீடொன்றில். வீட்டின் பின்னால் 6 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் கொண்ட ஒரு துண்டு நிலம் உண்டு. 2010 ஆம் ஆண்டு நாம் குடிவந்த நாள் முதல் அங்கே களையும் சேறும் தவிர வேறெதுவும் இருந்ததில்லை. அதைத் திருத்தும் எண்ணமும் எமக்கு எழவில்லை. அகதி அந்தஸ்து ஏற்றுக்கொள்ளப்பட்டபோது எமக்கு வழங்கப்பட்டது ஐந்தாண்டு கால அனுமதி. ஐந்தாண்டின் பின் என்ன நேரும் என்று அறியாதவன் மண்வெட்டியை எடுப்பதில்லை. சுவரிலே படம் மாட்டுவதற்கு ஓர் ஆணி அடிக்கவும் தயங்கிய காலம் அது. 2014 இல் நிரந்தர வதிவுரிமை கிடைத்த பின்னரும் அத்தயக்கம் எம்மை விட்டு அகலவில்லை. "அடுத்த வருடம் எங்கே இருப்போமோ" என்ற பேச்சு வீட்டில் வழக்கமாகிவிட்டிருந்தது.

2022 ஏப்ரலில் எமது மகளின் பத்தாவது பிறந்தநாள் வந்தது. சிநேகிதிகளை அழைத்துப் பின்வளவிலே கொண்டாட வேண்டுமென்று அவள் பிடிவாதமாக நின்றாள். வீட்டு உரிமையாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, 30 சதுர மீற்றர் புற்பாளங்களை வரவழைத்து, களைகளை மேலோட்டமாகச் செதுக்கிவிட்டு, ஒரே நாளில் விரித்து முடித்தோம். பிறந்தநாளன்று பின்வளவு பார்ப்பதற்கு மிக அழகாகவே இருந்தது. எடுத்த படங்களை ஊருக்கும் அனுப்பிவைத்தோம்.

அவ்வாண்டு யூலை 19 ஆம் திகதி இங்கிலாந்தின் வெப்பநிலை, பதிவுகள் தொடங்கிய காலம் முதல் என்றுமில்லாதவாறு 40 பாகை செல்சியசைத் தாண்டியது. எமது வீதியின் புற்றரைகள் யாவும் வைக்கோல் நிறமாயின. ஆயினும் இலையுதிர்கால மழையோடு அயல்வீடுகளின் புல் மீண்டும் துளிர்த்தது. எமது புல் துளிர்க்கவில்லை. ஓரத்தைப் பிடித்துத் தூக்கியபோது பாயைச் சுருட்டுவது போல முழுப் பாளமும் கையோடு வந்தது. வேர்கள் கீழ்மண்ணுக்குள் ஓர் அங்குலம்கூட இறங்கியிருக்கவில்லை. கீழே செங்கல் உடைசலும் சீமெந்துக் கட்டிகளும், முன்னொரு காலத்தில் வீட்டைத் திருத்தியவர்கள் புதைத்துவிட்டுச் சென்ற ஓட்டுத் துண்டுகளும் கிடந்தன. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வரையிலும் பச்சையாக நின்ற புல், வெயில் வந்த உடனேயே மடிந்துபோயிற்று.

புல்லும் முற்றமும்

எமது தாயார் இவை யாவற்றையும் சமையலறை யன்னலினூடாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, ஊரிலை புல்லுச் செருக்கிச் செருக்கியே என்ரை இடுப்பு முறிஞ்சது. நீ இஞ்சை வந்து காசு குடுத்தெல்லோ புல்லு வாங்கிறாய்" என்றார்.

இதைப் பகிடியென்று தள்ளிவிட எம்மால் முடியவில்லை. யாழ்ப்பாணத்து வீடுகளில் முற்றம் என்பது விடியற்காலையிலேயே கூட்டப்பட்டு, ஈர்க்கு விளக்குமாற்றின் கோடுகள் மணலிலே தெரியும் வண்ணம் பேணப்படும் வெறுந்தரையாகும். முற்றத்தில் புல் முளைத்த வீடு ஆளில்லாத வீடு என்பதே ஊரவர் கணக்கு. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது எமது குடும்பமும் அவர்களோடு வெளியேறியது. மறுவருடம் திரும்பிச் சென்றபோது கிணற்றடியிலிருந்து வாசற்படி வரை இடுப்பளவு புல் நின்றது. தாயார் உடனே மண்வெட்டியைத் தேடினார். மாலை வரை முற்றத்தைச் செருக்கிய பின்னரே அடுப்பை மூட்டினார். புல்லைக் காணும்போது அவருடைய மனதில் எழும் நினைவு அதுவே.

ஆங்கிலேயர் வந்த வழி வேறு. ஒரு காலத்தில் இங்கே சீராக வெட்டப்பட்ட புற்றரை பிரபுக்களின் மாளிகைகளுக்கே உரியதாயிருந்தது. நீண்ட பிடியுள்ள அரிவாள்களால் அதை வெட்டுவதற்குப் பல கூலியாட்கள் தேவைப்பட்டனர். 1830 இல் குளொஸ்ரர்சயரைச் சேர்ந்த எட்வின் பியர்ட் பட்டிங் என்பவர், கம்பளி ஆலைகளில் துணியின் மேற்புறத்தைச் சீராகக் கத்தரிக்கும் பொறியின் அமைப்பைப் பின்பற்றிப் புல்வெட்டும் இயந்திரத்தை ஆக்கி, அதற்கு உரிமமும் பெற்றார். அதன் பின்னரே நடுத்தரக் குடும்பங்களின் பின்வளவுகளுக்கும் புற்றரை படிப்படியாக வந்து சேர்ந்தது. எமது முற்றத்துக்கு விளக்குமாறு எதுவோ, இவர்களுடைய புற்றரைக்குப் புல்வெட்டி அதுவே. இரண்டும் வீட்டிலே ஆளிருப்பதற்கான சாட்சி.

இதைத் தாயாருக்கு எடுத்துக் கூறினோம். அவர் முழுமையாக ஒப்புக்கொண்டாரென்று கூற முடியாது. "அப்ப செய்யிறதை ஒழுங்காச் செய்" என்று மட்டும் கூறினார்.

முதலில் தோண்டிப் பாருங்கள்

நாம் ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்திலே புவியியல் விரிவுரையாளராக இருந்தோம். யாழ் குடாநாட்டின் செம்மண் சுண்ணக்கல்லின் மேலே படிந்தது. மழைநீர் அதனூடாக விரைந்து இறங்கிவிடும். இலண்டனின் பெரும்பகுதியோ ‘இலண்டன் களி’ எனப்படும் களிமண் படையின் மேலே அமைந்தது. அது மாரியில் நீரை ஏற்று வீங்கும், கோடையில் சுருங்கி வெடிக்கும். மண்ணின் இத்தகைய தன்மைகளைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கின்றோம். களியைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தது 2022 ஒக்டோபரில்தான்.

வாசகர்களும் இந்தச் சோதனையோடு தொடங்குவது நன்று. ஈரமான மண்ணில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். கயிறு போலத் திரிந்து வளையமாக வளையுமாயின் அது களிமண். உதிர்ந்து விழுமாயின் மணற்பாங்கானது. அடுத்து, 30 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஒரு குழி தோண்டி நீரை நிரப்புங்கள். மறுநாளும் நீர் அங்கேயே நிற்குமாயின் வடிகால் குறைவென்று அறிந்துகொள்ளலாம். அத்தகைய நிலத்தில் எவ்வளவு உயர்ந்த விதையைத் தூவினாலும் புல் அழுகும், பாசி படரும். தோண்டுமுன் நிலத்தடிக் குழாய்களும் மின்கம்பிகளும் செல்லும் இடங்களை விசாரித்து அறிந்துகொள்ள வேண்டும் என்பதும் குறிப்பிடத்தக்கது.

பின்னர் 20 முதல் 25 சென்ரிமீற்றர் ஆழம் வரை மண்ணைப் புரட்ட வேண்டும். மேலே கருமையாக இருப்பது மேல்மண். கீழே மஞ்சளாகவோ சாம்பல் நிறமாகவோ ஒட்டிப்பிடிப்பது அடிமண். அடிமண்ணை மேலே கொண்டுவந்துவிடலாகாது, ஏனெனில் புல்லுக்கான உணவு மேல்மண்ணிலேயே உள்ளது. சப்பாத்தில் மண் ஒட்டுமளவுக்கு ஈரம் இருக்கும் நாளில் களிநிலத்தில் கால் வைக்கவும் கூடாது. மிதிபட்டு இறுகிய களி சீமெந்துக்கு ஒப்பாகிவிடும். எமது துண்டு நிலத்திலிருந்து வெளியேறிய கல்லும் உடைசலும் 27 சாக்குகளை நிரப்பின. இவற்றைக் கவுன்சிலின் கழிவு நிலையத்துக்குக் கொண்டுசெல்வோர், எவ்வளவு ஏற்றுக்கொள்வார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

அரிந்தால் பெருகும் வேர்கள்

இரண்டாம் நாளிலேயே எமது முதுகு வலிக்கத் தொடங்கிவிட்டது. சுழல் கலப்பை இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தால் இரண்டு மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடும் என்று அயல்வீட்டுக்காரர் ஒருவர் ஆலோசனை கூறினார். அதற்கு நாமும் ஆயத்தமாகினோம்.

அப்போது தாயார் குளிருடுப்பும் தொப்பியும் அணிந்து, ஒரு முக்காலியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். புரட்டிய மண்ணிலிருந்து வெண்ணிறமான நீண்ட வேரொன்றை இழுத்தெடுத்துப் பார்த்தார். "இது எங்கடை அறுகு மாதிரித்தான். மிசினாலை அரிஞ்சால் பெருகும். ஒரு துண்டும் விடாமல் கையாலை எடுக்கவேணும்" என்றார்.

அவர் கூறியது முற்றிலும் சரி. அது ‘கௌச்’ என்று இங்கே அழைக்கப்படும் களைப்புல். நிலத்தின் கீழே ஓடும் அதன் தண்டின் ஒவ்வொரு கணுவிலிருந்தும் புதிய செடி முளைக்கும். வெள்ளைப் பூப் பூத்துச் சுற்றிப் படரும் ‘பைண்ட்வீட்’ என்னும் கொடியும் அவ்வாறானதே. சுழல் கலப்பை இவற்றைச் சிறு துண்டுகளாக நறுக்கி நிலம் முழுவதும் பரப்பிவிடும். மண்ணைப் பற்றி மூன்றாண்டுப் பாடத்திட்டம் வகுத்த எமக்கு இது தோன்றவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் தோட்டத்துக்குச் சென்றவருக்குப் பார்த்தவுடன் தெரிந்தது.

மழையில்லாத நாட்களில் தாயார் முக்காலியில் இருந்து மண்ணை விரல்களால் அளைந்து வேர்களைப் பொறுக்கினார். நாம் நான்கு பல்லுள்ள தோட்டக் கவரினால் மண்ணைக் கிளறிக் கொடுத்தோம். பல ஆண்டுகளாக யன்னலோரத்திலேயே இருந்தவர், மூன்று வாரங்கள் வெளியிலே இருந்தார். பொறுக்கிய வேர்களை உரக்குழியில் இடலாகாது. அவை அங்கேயும் முளைக்கும்.

உறைபனி செய்யும் உழவு

நவம்பர் இறுதிக்குள் நிலத்தைப் பெருங்கட்டிகளாகவே புரட்டி விட்டோம். அதை உடைத்து மட்டப்படுத்தவில்லை. அவ்வாண்டு டிசம்பர் நடுப்பகுதியில் கடுங்குளிர் வந்து பனியும் பெய்தது. களிக்கட்டிக்குள் இருக்கும் நீர் உறையும்போது விரிவடைகின்றது. உருகும்போது கட்டி நொறுங்குகின்றது. இது பல முறை நிகழ்ந்த பின்னர், கோடரியால் பிளக்கவேண்டியிருந்த கட்டிகள் கையால் நொறுக்கக்கூடியவையாயின. எமது ஊரில் உழுத புழுதியை வெயில் பதப்படுத்துவது போல, இங்கே களியை உறைபனி பதப்படுத்துகின்றது.

ஊரிலே தோட்டக்காரர் பூவரசங்குழையையும் பனையோலையையும் நிலத்தில் தாழ்ப்பர். இரவிலே மாடுகளைப் பட்டியடைத்து எருவேற்றுவர். இங்கே அதற்குப் பதிலாக நன்கு மக்கிய எருவையோ கூட்டெருவையோ சேர்க்கலாம். 30 சதுர மீற்றர் நிலத்தில் 5 சென்ரிமீற்றர் கனத்துக்குப் பரப்புவதற்கு ஒன்றரைக் கனமீற்றர் தேவைப்படும். களியை இளக்குவதற்கு மணல் இடுவோர் தோட்டத்துக்குரிய பருமணலையே இடவேண்டும். கட்டட வேலைக்குரிய நுண்மணல் நிலத்தை மேலும் இறுக்கும்.

எருவை மண்ணுக்குள் எடுத்துச் செல்வதற்கு மண்புழுக்கள் இருக்கின்றன. இலண்டனை அடுத்த டவுண் கிராமத்தில் வாழ்ந்த சார்ள்ஸ் டார்வின், 1842 இல் தம் வீட்டருகேயுள்ள வயலொன்றில் சுண்ணாம்புக் கட்டிகளைப் பரப்பி, 29 ஆண்டுகள் காத்திருந்து, 1871 இல் அங்கே குழி வெட்டிப் பார்த்தார். சுண்ணாம்பு 7 அங்குலம் கீழே காணப்பட்டது. மண்புழுக்கள் சிறிது சிறிதாக மேலே கொண்டுவந்த மண்ணே அதை மூடியிருந்தது. இதை அவர் 1881 இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். நிலத்தைப் பண்படுத்தும் வேலையில் மனிதனுக்குத் துணையாட்கள் பலர் உளர். ஆனால் அவர்கள் அவசரப்படுவதில்லை.

மட்டமும் மிதியும்

2023 மார்ச் இறுதியில் கட்டிகளை உடைத்து இரும்பு வாரியால் நிலத்தை மட்டப்படுத்தினோம். இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை உண்டு. வீட்டுச் சுவரின் அடியில், நில ஈரம் மேலேறாதவாறு ஒரு தடுப்புப் படை இடப்பட்டிருக்கும். நிலமட்டம் அதற்குக் குறைந்தது 150 மில்லிமீற்றர் கீழே இருக்கவேண்டும். மண்ணை உயர்த்தி அதை மூடிவிட்டால் வீட்டுக்குள் ஈரம் ஏறும். வீட்டிலிருந்து அப்பால் நீர் வடியும் வண்ணம் சிறிது சாய்வும் வேண்டும்.

மட்டப்படுத்திய பின்னர் நிலத்தை மிதிக்க வேண்டும். உடல் நிறையைக் குதிக்காலில் ஊன்றி, ஒரு பாதத்தை மற்றதோடு ஒட்டி வைத்து, சிற்றடியாக நிலம் முழுவதும் நடக்கவேண்டும். பள்ளம் தெரியும் இடத்தில் மண்ணிட்டு வாரி, முதலில் நடந்த திசைக்குக் குறுக்காக மீண்டும் நடக்க வேண்டும். கால் புதையாத அளவுக்கு உறுதியும், மேலே ஓர் அங்குலம் பொலபொலப்பும் இருப்பதே சரியான பதம். எமது பிள்ளைகள் இருவரும் இவ்வேலையைப் பெருமகிழ்வோடு செய்தனர்.

இதற்குப் பின்னும் விதைக்கலாகாது. மண்ணிலே உறங்கிய களைவிதைகள் வெளிச்சம் கண்டு முளைக்கும். அவற்றை முளைக்கவிட்டு, மண்ணைக் கிளறாமல் மேலோட்டமாகச் செருக்கி நீக்கவேண்டும். ஐந்தாறு வாரங்களேனும் இதற்கு ஒதுக்க வேண்டும். நாம் ஒரு கோடை முழுவதையும் ஒதுக்கினோம். செருக்கும் வேலை யாருடையது என்று கூறத் தேவையில்லை.

விதைப்பு

விதைப்புக்கு உகந்த காலம் செப்ரெம்பர் முதல் ஒக்டோபர் நடுப்பகுதி வரையாகும். அப்போது நிலத்தில் கோடையின் வெம்மை எஞ்சியிருக்கும், மழையும் வரும், களைகளின் வேகமும் தணியும். அதைத் தவறவிட்டோர் ஏப்ரலில் விதைக்கலாம். 2023 செப்ரெம்பரின் முற்பகுதியில் வெப்பம் 30 பாகையைத் தாண்டி நின்றமையால், அது தணியும் வரை நாம் பொறுத்திருந்தோம்.

பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு மிதியைத் தாங்கும் ‘ரை’ புல் கலந்த விதையும், நிழலுள்ள இடத்துக்கு ‘பெஸ்கியூ’ புல் கலந்த விதையும் பொருத்தமானவை. ஒரு சதுர மீற்றருக்குச் சுமார் 35 கிராம் போதும். எமது நிலத்துக்கு ஒரு கிலோ வரையிலேயே செலவாயிற்று. பாதியை நெடுக்காகவும் மீதியைக் குறுக்காகவும் தூவி, வாரியால் மெதுவாகக் கீறி, பறவைகள் பொறுக்காதவாறு வலையிட்டோம். இரு வாரங்களில் பச்சை தெரிந்தது. புல் 5 முதல் 7 சென்ரிமீற்றர் வரை வளர்ந்த பின்னரே முதல் வெட்டு. அப்போதும் நுனியை மட்டுமே வெட்டவேண்டும். விதைக்குப் பதிலாகப் புற்பாளம் விரிப்போரும் இதுவரை கூறிய வேலைகளில் ஒன்றையேனும் தவிர்க்க முடியாது என்பதை எமது 2022 அனுபவம் காட்டும்.

தயக்கத்தைப் பற்றி

வாசகர்களில் பலர் இன்னமும் விடுதி அறைகளில், அதிகாரிகளின் முடிவுக்காகக் காத்திருக்கின்றீர்கள் என்பதை நாம் அறிவோம். நாமும் அவ்வாறு காத்திருந்தவர்களே. காலடியில் நிலமில்லாதவரை நோக்கி நிலத்தைப் பண்படுத்துக என்று கூறும் துணிவு எமக்கில்லை. உங்கள் நகரத்தில் சமூகத் தோட்டம் ஏதேனும் இருப்பின், அங்கே சென்று ஒரு மணிநேரம் மண்ணைத் தொட்டு வருவது மனதுக்கு இதமளிக்கும் என்று மட்டும் கூறுவோம்.

நாம் வருந்துவது வேறொன்றுக்காக. முடிவு கிடைத்த பின்னரும் எட்டு ஆண்டுகள் எமது பின்வளவு சேறாகவே கிடந்தது. அவ்வெட்டு ஆண்டுகளில் எம்மை எவரும் தடுக்கவில்லை. மண்ணைத் திருத்தினால் ஊரை மறந்தவராகிவிடுவோம் என்ற கூச்சம் உள்ளே இருந்தது. மகளின் ஓடித்திரியும் வயதின் பெரும்பகுதி அந்தக் கூச்சத்திலேயே கழிந்துபோயிற்று. ஊரை நாம் மறக்கவில்லை என்பதற்கு அந்தச் சேறு ஆதாரமாகவும் அமையவில்லை.

விதைப்பதற்கு முதல்நாள் தாயார் வெளியே வந்து, சமையலறைக் கதவுக்கு அண்மையில் நின்றபடி கேட்டார்: "எல்லா இடமும் புல்லெண்டால் பொங்கல் பானையை எங்கை வைக்கிறது, தம்பி?" அதை நாம் எண்ணியிருக்கவில்லை. கிழக்குப் பார்த்த மூலையில் இரண்டு மீற்றர் சதுரத்துக்குக் கயிறு கட்டி, அங்கே விதை விழாதவாறு விட்டோம். சிறிது மணலும் பரப்பினோம்.

2024 தைப்பொங்கல் அந்தச் சதுரத்திலேயே நடந்தது. உறைபனி படிந்த புல்லை மிதித்தால் அது கருகிவிடும் என்பதனால் பிள்ளைகளைக் கதவோரத்திலேயே நிறுத்தி வைத்தோம். பானை பொங்கி வழிந்தபோது அவர்கள் அங்கிருந்தே கூவினர். ஒவ்வொரு வசந்தத்திலும் புல் மெல்ல மெல்ல அச்சதுரத்துக்குள் நுழையப் பார்க்கின்றது. தாயார் முக்காலியை எடுத்துச் சென்று, அதன் எல்லையைச் செருக்கி விடுகின்றார்.